டயர் குழியில் ஒரு பொங்கல் பானை

லோஷினி,

உங்க அம்மாவுக்குப் பொங்கல் பானை வாங்க மறந்துட்டேன்னு மூணு நாளா பேசாம இருக்க. பேச வேணாம், இத மட்டும் படி லா.

வேலைக்குக் கிளம்பினா கார் முன் டயர் பஞ்சர். ஸ்பேர் டயர் எடுக்கலாம்னு கார் பின்னால பூட்டத் திறந்து அடிப்பலகையத் தூக்கினேன். டயர் இல்ல. அந்தக் குழியில வைக்கோல் சுத்தி, ஒரு கீறல் இல்லாம, அம்மாவோட பானை உட்கார்ந்திருக்கு.

ஆயர் ஈத்தாம் பானைக் கடையில நமக்கொண்ணு, அம்மாவுக்கொண்ணுன்னு ரெண்டு பானையும் வாங்கியிருக்கேன், அதத்தான் மறந்துட்டேன். அம்மாவோடது உருண்டு உடையக்கூடாதுன்னு நானே டயர எடுத்துட்டு அங்க வச்சிருக்கேன். ஐயோ அலமாக், டயர கடை வாசல்லயே விட்டுட்டு வந்துட்டேன். போன் போட்டேன். கடைக்கார ஆன்ட்டி அது மேல பூந்தொட்டி வச்சிட்டாங்களாம்.

லீவு சொல்லியாச்சு. டயர எடுக்க பக்கத்து வீட்டு ஹேமநாதன் மோட்டார் சைக்கிள்ல பின்னாடி உட்கார்ந்து போறேன். வரும்போது டயர் என் மடியில. நெனச்சாலே சிரிப்பு தாங்கல.

பானை மேசை மேல. சாம்பார் அடுப்புல, சூடு பண்ணிக்க.

ரூபேந்திரன்

பி.கு: ஞாயித்துக்கெழம அம்மா வீட்ல இன்னொரு தடவ பொங்கல் வைப்போம்.

இன்னொண்ணு: மருமகன் பானைய மறக்கலன்னு அம்மாவுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லு. டயர மறந்தது நமக்குள்ளயே இருக்கட்டும்.