கருவேலுக்குத் தீட்டிய அரிவாள்

மதினி,

சாயங்காலம் டிவியைப் போட்டால் யுத்தச் செய்தி. அந்த நாடு அடிக்கப் பார்த்தது, அதனால் இந்த நாடு முந்திக்கொண்டது என்று கோட்டுப் போட்ட ஒருவர் விளக்குகிறார். வெளியே விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்துப் புகை நெடி வேறு. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வருஷம் மாடு பிடிக்கும் எருதுகட்டில் நம் ஊருக்கும் உங்கள் பிறந்த ஊருக்கும் வாய்ச்சண்டை. அதோடு போயிருக்கும். கொஞ்ச நாளில் உங்கள் ஊரார் அரிவாள்களை மூட்டை கட்டிச் சாயல்குடிப் பட்டறைக்குத் தீட்டக் கொண்டுபோனதை நம் ஆள் ஒருவன் பார்த்துவிட்டான். கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடத்தான் என்று நீங்கள் அடித்துச் சொன்னீர்கள். யார் கேட்டார்கள்? நம் ஊர் அரிவாளும் பட்டறைக்குப் போனது. அதை அவர்கள் பார்த்தார்கள். அதன்பிறகு அவர்கள் அரிவாளும் கருவேலுக்கு இல்லை.

"நம்ம ஆளுகதான, நான் போயி கேட்டுட்டு வாரேன்" என்றீர்கள். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்த நம்ம?"

அண்ணன் கெட்டவர் இல்லை மதினி. பயம்தான். பயம் என்று சொல்ல வெட்கம், அதனால் ஊர் மானம் என்றார். ஆளாளுக்கு அதையே சொல்ல, ஊரே கிளம்பிவிட்டது. நாங்கள் காளியம்மாளுக்குக் கிடா நேர்ந்தோம். அவர்களும் அதே அம்மாளுக்குத்தான் நேர்ந்திருந்தார்கள்.

கண்மாய்க் கரையில் விழுந்தது உங்கள் தம்பி. வெட்டியது அண்ணன். உங்கள் மகனை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன், அந்தத் தம்பி.

தலைவிரி கோலமாக ஓடினீர்கள். ஊர் எல்லையில் உங்களைப் பெற்றவளே மறித்தாள். "வெட்டுனவன் பொண்டாட்டிக்கு இங்கன என்ன வேல?" முகம் பார்க்க விடவில்லை. திரும்பி வந்தீர்கள். ஜாமீனில் வந்த அண்ணனுக்குச் சோறு போட்டீர்கள். நீங்கள் சாகும்வரை போட்டீர்கள். ஒரே ஒருநாள் என்னிடம் சொன்னீர்கள்: "என் தம்பி நம்ம வீட்டுக்கு வந்திருந்தா என்ன கேட்டுருப்பான் தெரியுமா? குடிக்கத் தண்ணி."

இப்போது உங்கள் மகன் சொல்கிறான், "அன்னைக்கு நாம முந்தாட்டி அவய்ங்க முந்தியிருப்பாய்ங்க அத்தே." தாய்மாமனை வெட்டிய கதையைத்தான் அப்படி வீரமாகச் சொல்லித் திரிகிறான்.

ஆடி வெள்ளிகளில் உங்கள் தம்பி பேருக்கு ஒரு விளக்குப் போடுகிறேன். யாருக்கு என்று கேட்கிறார்கள். மழைக்கு என்று சொல்லிவிடுகிறேன்.