மேலுதட்டுக் கோடு

மார்ச் 4

மறுபடியும் குழாய் அடைப்பு. ஒன்பதாம் வகுப்பு கை கழுவினால் பாதி களிமண் தொட்டிக்குள்தான் போகிறது. சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

இன்று கண்ணைக் கட்டிக்கொண்டு முகம் செய்யும் பாடம். ஒரு கை சொந்த முகத்தில், இன்னொரு கை மண்ணில். கண்ணாடி கிடையாது, கொடுத்தால் எல்லாரும் சினிமா முகம் செய்துவிடுகிறார்கள். “ஐயோ, என் மூக்கு இவ்வளவு பெரிசா?” என்று கொஞ்ச நேரம் ஒரே கூச்சல். பிறகு தானாக அடங்கியது.

கைக்குட்டைக்காரி மேலுதட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். பிறக்கும்போதே பிளந்திருந்த உதடு. தைத்த தழும்பு மூக்குவரை போகிறது. எப்போதும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவாள்.

“இதையும் வைக்கணுமா மிஸ்?”

“உன் முகம். நீதான் சொல்லணும்.”

தழும்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். அப்புறம் நகத்தால் ஒரே கோடு இழுத்தாள்.

மார்ச் 5

அந்தக் கோட்டைப் பக்கத்துப் பெண்ணிடம் அவளாகவே காட்டினாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மார்ச் 10

முகங்கள் முக்கால்வாசி காய்ந்துவிட்டன. சூளை என் நாத்தனார் பொறுப்பு. அவளும் இதே பள்ளியில்தான் கைவினை டீச்சர். ஒரே வீடு, ஒரே பஸ், பல நாள் ஒரே குடை. “நீங்க போங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்” என்றாள். இவள் இருக்கும்வரை எனக்கென்ன கவலை!

மார்ச் 13

சூளையைத் திறந்தோம். ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஆனால் கைக்குட்டைக்காரியின் முகத்தில் கோட்டைக் காணோம். உதடு மழமழவென்று இருக்கிறது.

“ஐயையோ அண்ணி, விரிசல்னு நினைச்சுட்டேன். சூட்டுல ரெண்டா போயிடுமேன்னு மண்ணைக் கரைச்சு அடைச்சேன்.”

சுடுவதற்கு முன் விரிசலை அப்படித்தான் அடைப்போம். நானே எத்தனையோ முறை அடைத்திருக்கிறேன். சுட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அவள் முகமும் வாடிப்போயிருந்தது. பாவம், யாருக்கும் வரக்கூடிய தவறு.

மார்ச் 14

“விரிசல்னு நினைச்சுட்டாங்கம்மா” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். “பரவால்ல மிஸ்” என்றாள், வாயைப் பொத்திக்கொண்டு.

மார்ச் 17

சாப்பிடும்போது இதையே புலம்பிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அலுத்துவிட்டது.

“விடேன். கண்காட்சிக்கு வர்றவங்கல்லாம் அந்தப் பொண்ணைப் பரிதாபமா பாப்பாங்களேன்னுதான் மூடினா. நல்லது நினைச்சுத்தானே செஞ்சா?”

மூடினாளா?

“உங்களுக்கு எப்போ தெரியும்?”

“அன்னிக்கே சொன்னாளே. உன்கிட்ட சொன்னா நீ தையதக்கான்னு குதிப்பே...”

அன்னிக்கே! நானும் இதே வீட்டுலதானே இருக்கேன்? அண்ணனும் தங்கச்சியும் என் முகத்தைப் பாத்துப் பாத்துச் சாப்பிட்டிருக்காங்க. நான் அவ பொய்யைச் சுமந்துட்டுப் போய் அந்தப் புள்ளை காதுல போட்டிருக்கேன். உன் உதட்டை விரிசல்னு நினைச்சாங்கன்னு — என் வாயால! எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அவள் அறைக்கே போய்க் கேட்டேன். “ஆமா, தெரிஞ்சுதான் மூடினேன். அவளே ஒருநாள் தேங்க்ஸ் சொல்லுவா பாருங்க அண்ணி.” முகத்தில் துளி வெட்கம் இல்லை. அன்றைக்கு வாடிய முகம்கூட நடிப்புதானா?

மார்ச் 18

அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன்.

“தெரியும் மிஸ். விரிசல்னா கரெக்டா மூக்குகிட்ட போய் நிக்குமா?” என்றாள். பிறகு, “நீங்களும் சேர்ந்துதான் செஞ்சீங்கன்னு நினைச்சேன்.”

இல்லை என்றேன். நம்பினாளா, தெரியவில்லை. நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கண்காட்சியிலிருந்து எடுத்துவிடவா என்று கேட்டதற்கு, “எடுத்தா எல்லாரும் ஏன்னு கேப்பாங்க. இருக்கட்டும்” என்றாள்.

மார்ச் 20

கண்காட்சி. கைக்குட்டைக்காரியின் அம்மா, மகளின் பெயர் அட்டையைத் தேடிப் பிடித்து அந்த முகத்துக்கு முன்னால் நின்றார். முகமெல்லாம் பூரிப்பு. “எவ்வளவு லட்சணமா வந்திருக்கு! அந்தத் தழும்பே தெரியல பாரு.”

கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனார் என்னைப் பார்த்தாள். பாத்தீங்களா அண்ணி, என்கிற பார்வை.

“அது நான் இல்லம்மா” என்றாள் பெண். அம்மாவின் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 21

நாத்தனார் ஏறிய பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போனேன். அவரிடமும் பேச்சில்லை. ‘இன்னுமா அதே?’ என்கிறார். ஆமாம், இன்னும் அதேதான்.

மார்ச் 27

பள்ளி விட்ட பிறகு கைக்குட்டைக்காரி வந்தாள். “மண்ணு இருக்கா மிஸ்?” எடுத்துக் கொடுத்தேன். கண்ணைக் கட்டவில்லை, சும்மா மூடிக்கொண்டாள். இந்த முறை உதட்டைத்தான் முதலில் செய்தாள். கோடு போன தடவையைவிட ஆழம்.

முடித்ததும் அலமாரியில் இடம் ஒதுக்கினேன். தலையை ஆட்டினாள்.

“இங்க வேணாம் மிஸ். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்.”

“சுடலன்னா உடைஞ்சு போயிடும்மா. நான் கூடவே நின்னு...”

“உடைஞ்சா, என் கையால உடைஞ்சதா இருக்கட்டும்.”

சரி என்றேன். ஓர் அட்டைப்பெட்டி தேடிக் கொடுத்தேன். தூக்கிவரவா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, படியைப் பார்த்துப் பார்த்து இறங்கினாள்.