பன்னிரண்டு ஸ்பூன்

6.8.91, செவ்வாய்

புற்றுநோயாளிகளின் உணவைப் பற்றி இன்று நர்சுகளுக்கு வகுப்பெடுத்தேன். உடல் மெலிவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று காட்ட, வார்டிலிருந்து மண்ணூர்பேட்டை லேத் தொழிலாளி ஏழுமலையைக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து அவர் கைச்சதையைக் கிள்ளிப் பார்த்தார்கள்.

"இன்னா சிஸ்டர், ஆடு வாங்க வந்தவங்க கணக்கா கிள்றீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்து, பாலும் முட்டையும் சேர்த்து ஒரு டம்ளர் சத்துக் கஞ்சி செய்து காட்டினேன். நோயாளிக்குக் கொடுப்பதை நாம் முதலில் ருசி பார்க்க வேண்டும் என்பது என் விதி. ஆளுக்கொரு ஸ்பூன் குடித்தார்கள்.

"எனக்குக் கொஞ்சம் மிச்சம் கீதுங்களா, சிஸ்டர்?" என்று கேட்டார் ஏழுமலை.

டம்ளர் காலி. "அது வகுப்புக்குச் செஞ்சதுய்யா" என்று எரிந்து விழுந்தேன்.

கடைசியில் தேர்வு. பசியை அறிய முதல் வழி என்ன? நோயாளியிடமே கேட்பது. பன்னிரண்டு பேரும் சரியாக எழுதியிருக்கிறார்கள்.