கட்டம் சரியில்லை

ஜூன் 3

அன்பும் பண்பும் (அன்பு உன் பக்கம், பண்பு என் பக்கம்) நிறைந்த அக்காவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறைக் குழாய் இன்று காலை ஒழுகுவதை நிறுத்திக்கொண்டது. இத்தனை காலம் ஒழுகிய குழாய் ஒரே நாளில் ஒழுக்கமானது. அப்பா கையில் ஸ்பானரோடு நின்று, ஒரு போட்டோ எடு என்றார். எடுக்கப் போன் இல்லை. அது அடுத்த செய்தி.

என் போன் அம்மாவின் பீரோவில் சிறையிருக்கிறது. குற்றம் மிகச் சின்னது. அம்மாவின் போனில் அப்பா பெயரையும் அவள் ஆபீஸ் மேனேஜர் பெயரையும் இடம் மாற்றி வைத்தேன். அம்மா மேனேஜருக்கு, "வரும்போது தக்காளி வாங்கிட்டு வாங்க. போன தடவை மாதிரி அழுகினதா பொறுக்கிட்டு வராதீங்க" என்று செய்தி அனுப்பிவிட்டாள். அந்த மனுஷன் மறுநாள் கல்லு மாதிரி நல்ல தக்காளியாக வாங்கிக்கொண்டு வந்தாராம். அம்மாவைவிட அப்பாவுக்குத்தான் அதில் வருத்தம். பரீட்சை முடியும்வரை எனக்குக் கடிதம்தான் கதி.

நீ வரைந்த படக்கதையின் நகல் பார்சலில் வந்தது. பத்திரிகைக்கு அனுப்புமுன் என் கருத்து வேண்டும் என்று கேட்டாயே, சரியான ஆளைப் பிடித்தாய். அனிமே கார்ட்டூன்கள் ஒரு பக்கம் இருக்கட்டும், நானூறு மாங்கா படக்கதைத் தொகுதிகளைக் கரைத்துக் குடித்தவன் நான். குடித்ததில் வயிறு எரிகிறது, அதுதான் உண்மை.

அடி விழப்போகிற நேரத்தில் இந்த மாங்கா நாயகர்களுக்கு முன்கதை வந்துவிடும். ஓங்கிய கை ஓங்கியபடி நிற்க, நாயகன் தன் பால்பல் விழுந்த நாளை நினைத்து உருகுவான். வில்லனும் காத்திருப்பான். டாக்டரிடம் டோக்கன் வாங்கியவன்கூட அத்தனை பொறுமையாக உட்கார மாட்டான். அடிக்கும் முன் அடியின் பெயரை ஊருக்கே கேட்கும்படி முழங்குவது வேறு. அவன் கதாநாயகன் இல்லை, கத்தும் நாயகன். பதினாறு வயதில் உலகத்தைக் காப்பாற்றுகிறானாம். எனக்கும் பதினாறுதான், என்னை நம்பி அம்மா அடுப்பைக்கூட அணைக்கச் சொல்ல மாட்டாள். முதல் தொகுதியில் மலையைப் பிளக்கிற பெண், மூன்றாம் தொகுதியில் நாயகன் பெயரைச் சொல்லி அலறுவதற்கு மட்டும் வருகிறாள். செத்தவர்கள் எல்லாரும் சட்டை மாற்றிக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறார்கள். அப்புறம் எதற்கு நான் அழுதேன்?

உன் 'இரட்டைக் கை'யில் இந்த அபத்தம் ஒன்றும் இல்லை. இடிபாடுகளை அகற்றும் ராட்சச இயந்திரம். உள்ளே இரண்டு இருக்கை. வலக்கையை அக்கா இயக்குகிறாள், இடக்கையைத் தம்பி இயக்குகிறான். யோசனை அருமை. ஆனால் அதில் நடக்கிற எதற்கும் காரணமே இல்லை! அந்த அக்கா கல்நெஞ்சக்காரி. தம்பி தங்கம். சுருக்கமாகச் சொன்னால், உன் கதைக்குக் கட்டம் சரியில்லை. ஜாதகத்தைச் சொல்லவில்லை, படக்கட்டத்தைச் சொல்கிறேன். அவளைக் கதையைவிட்டுத் தூக்கு.

உன் கட்டில் இப்போது என் துணிமலை. அறை முழுக்க என் ஆட்சி.

இப்படிக்கு,
விமர்சனப் புலி


ஜூன் 9

வாலுக்கு,

குழாய்க்கு வாழ்த்து. அம்மா போனில் இனி கை வைக்காதே.

இங்கே அனிமேஷன் ஸ்டுடியோவில் காலையிலிருந்து ஒருவன் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். தலை நேராக இருக்கும் படத்தையும், திரும்பிய படத்தையும் பெரியவர்கள் வரைவார்கள். நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதெல்லாம் என் வேலை. திரையில் கண் சிமிட்டும் நேரம்கூட வராது. நீ திட்டுகிற கத்தும் நாயகர்களில் பாதிப் பேருக்கு வாயைத் திறந்து மூடுவது நான்தான். வேறு யாரோ ஆரம்பித்து வேறு யாரோ முடிக்கிற அசைவுக்கு இடையிலேயே நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால்தான் அந்தப் பத்திரிகை எனக்கு முக்கியம். புதியவர்களின் கதையை இந்த மாதக் கடைசிவரைதான் வாங்குவார்கள். எடுத்துக்கொண்டால், என் கதையை நானே ஆரம்பித்து நானே முடிக்கலாம். பக்கத்து மேஜைக்காரி படித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றாள். அவள் கேன்டீன் சாப்பாட்டையும் அப்படித்தான் சொல்வாள். நீ முகத்துக்காகப் பேசுகிறவன் இல்லை. அதனால் பக்கங்களை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். அனுப்பப் போவதில்லை.

அவளை நான் கல்நெஞ்சக்காரியாக வரையவில்லை. அப்படித் தெரிகிறாள் என்றால் வரைந்தவளும் அப்படித்தான் போல. நான் கிளம்பிய அன்று, "போனா போ, ரூம் முழுசா எனக்குத்தான்" என்றாயே. இப்போது துணிமலை வேறு. இருக்கட்டும், சந்தோஷமாக இரு.

ஒன்று மட்டும் செய். பொத்தாம் பொதுவாக "காரணமில்லை" என்று எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்று காட்டு.

அக்கா


ஜூன் 13

கோபக்கார அக்காவுக்கு,

டிராயர் என்பது போட்டுக்கொள்வதற்கு, கதையைப் போட்டுப் பூட்டுவதற்கு அல்ல. முதலில் எடு அதை. திருத்திவிட்டு அனுப்பு என்றுதானே சொன்னேன், அனுப்பாதே என்றா சொன்னேன்? ஆதாரம் கேட்டாய், தருகிறேன்.

மூன்றாம் பக்கம். தம்பி "தேங்க்ஸ்" என்கிறான். பிறகு அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள். அதற்கும் பிறகு அவன், "தாகமா இருக்கு" என்கிறான். இப்படி ஒரு நல்ல பிள்ளையை உலகத்தில் எங்காவது பார்த்திருக்கிறாயா?

ஐந்தாம் பக்கம். எடுத்த எடுப்பில் அக்கா கையிலிருந்து பளார். எதற்கு? தெரியாது. அடுத்த கட்டத்தில் தம்பி அவளுடைய வரைபடத்தில் போய் மீசை வரைகிறான். அடியைத்தான் வாங்கிவிட்டோமே, குற்றத்தையும் செய்து கணக்கைத் தீர்ப்போம் என்று நினைத்தான் போலும்.

ஒன்பதாம் பக்கம், கடைசிப் பக்கம். இதில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. தம்பி "அக்கா!" என்று அலறுகிறான். அடுத்ததில் இயந்திரம் சாய்கிறது. அடுத்ததில் அம்மணி ஏணியில் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறாள். இவ்வளவு ஆன பிறகுதான் அவன், "நீ இல்லாமலே என்னால முடியும். இறங்கு" என்கிறான். கூப்பிடக் கூப்பிடப் போகிறவளிடம் வேறென்ன சொல்வான், போய்ட்டு வாங்க என்றா?

நீயும் அன்று பெட்டியைக் கட்டி வாசலில் வைத்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். அது வேறு விஷயம். எழுத வந்ததால் எழுதினேன்.

இப்படிக்கு,
அதே புலி (கொஞ்சம் உறுமலோடு)


ஜூன் 17

மாங்கா மடையா!

இந்தத் திட்டு இத்தனை பொருத்தமாக ஒருவனுக்கு அமையும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒன்றும் புரியவில்லை. ஐந்தாம் பக்கத்தில் சந்தேகம் வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் மேஜையில் தலையை முட்டிக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரி ஓடி வந்து, "என்னாச்சுடி, வேலை போச்சா?" என்றாள். "இல்லடி, தம்பி இப்படி இருக்கான்" என்றேன்.

மாங்கா ஜப்பான்காரர்களின் படக்கதைடா. அவர்கள் வலமிருந்து இடமாகப் படிப்பார்கள். நானும் அப்படித்தான் வரைந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்துக் கட்டம்தான் முதல் கட்டம். நீ வாலிலிருந்து தலைக்குப் படித்திருக்கிறாய், வாலு. என் கட்டமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, உனக்குத்தான் திசை சரியில்லை. அவன் மீசை வரைகிறான், பிறகுதான் அடி. அவன் இறங்கு என்கிறான், பிறகுதான் அவள் இறங்குகிறாள்.

நானூறு தொகுதி படித்தவனுக்கு இது எப்படித் தெரியாமல் போனது?

பாதித் தப்பு என்னுடையதும்தான். எழுத்து ஒரு பக்கம் ஓடுகிறது, கட்டம் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. மேஜைக்காரி, "கண்ணாடியில தெரியுற மாதிரி எல்லாத்தையும் புரட்டிப் போட்டுடேன், வேலை முடிஞ்சுது" என்றாள். போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக வந்தது. ஆனால் தம்பி வலக்கைக்காரனாகிவிட்டான். யாரோ பெற்ற பிள்ளைபோல் உட்கார்ந்து வலக்கையால் மீசை வரைகிறான். எனக்குச் சகிக்கவில்லை. பழையபடி திருப்பிவிட்டேன்.

பக்கங்கள் இன்னும் டிராயரில்தான் இருக்கின்றன. வலமிருந்து படி. அப்போதும் அவள் கல்நெஞ்சக்காரிதான் என்றால் அங்கேயே கிடக்கட்டும். மாதம் முடியப் போகிறது, சீக்கிரம் எழுது.

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

முதலில் ஒரு விளக்கம் எழுதினேன். உன் கதை தலைகீழாக நின்றாலும் தாங்குமா என்று சோதிக்கவே நான் வேண்டுமென்று அப்படிப் படித்ததாக. நன்றாகத்தான் வந்தது. எழுதி முடித்ததும் என்னாலேயே நம்ப முடியவில்லை, கிழித்துப் போட்டேன்.

வலமிருந்து படித்தேன். பாதியில் அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். ஐந்தாம் பக்கத்தைப் பார்த்ததும், "இது நம்ம வாலுதானே?" என்றாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"இடது கை. அப்புறம் அந்த மூஞ்சி. இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம் அவ."

ஒன்பதாம் பக்கத்தின் முதல் கட்டத்தில் அவன், "இறங்கு" என்கிறான். அவள் இறங்குகிறாள். ஏணியில் அவள் தலை அவன் பக்கமே திரும்பியிருக்கிறது. போன தடவை அது என் கண்ணில் படவே இல்லை. தலையைத் திருப்புவதுதான் உன் வேலை என்று எழுதியிருந்தாயே, அப்போதாவது நான் கவனித்திருக்க வேண்டும். பிறகு இயந்திரம் சாய்கிறது. கடைசிக் கட்டத்தில் "அக்கா!" மட்டும். அவளுக்குக் கேட்டதா என்று நீ வரையவில்லை. அங்கே முன்கதை இல்லை, முழக்கம் இல்லை, யாரும் யாருக்காகவும் காத்து நிற்கவும் இல்லை. அவன் கூப்பிடுவது மட்டும்தான் இருக்கிறது.

நம் வீட்டுக் கதையையும் நான் தலைகீழ் வரிசையில்தான் படித்து வைத்திருந்தேன். நீ பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஒரு வாரமாக, "எப்போ போவே? எப்போ போவே?" என்று உன்னைக் குடைந்தது யார் என்று அம்மா இன்று ஞாபகப்படுத்தினாள். கேட்காமலேயே ஞாபகப்படுத்தினாள்.

அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. டிராயரைத் திற. ஒரு கோட்டைக்கூட மாற்றாமல் அனுப்பு. முதல் பக்கத்தின் வலது மூலையில் ஓர் அம்புக்குறி மட்டும் போடு. பக்கத்தில், "இங்கிருந்து படிக்கவும், என் தம்பியைப்போல் அல்ல" என்று எழுது. நான் மான நஷ்ட வழக்குப் போட மாட்டேன்.

அப்புறம் அந்த நானூறு. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். நான் பார்த்ததெல்லாம் கதைச்சுருக்கம் சொல்கிற வீடியோக்கள். ஒரு தொகுதியை அஞ்சு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள், அதையும் நான் ரெட்டை வேகத்தில் ஓடவிடுவேன். முன்கதை வந்தால் தள்ளிவிடுவேன். செத்தவர்களுக்காக அழுதேன் என்றேனே, அதுவும் பொய். அந்த வேகத்தில் அழ முடியாது.

துணிமலையும் இல்லை. உன் கட்டிலில் ஒரு சட்டைகூட நான் போட்டதில்லை.

நான் முழுசாகப் படித்த மாங்கா இதுவரை ஒன்றே ஒன்றுதான். அது நீ வரைந்தது. அதையும் பின்னாலிருந்து ஆரம்பித்தேன்.

இப்படிக்கு,
இடக்கை