பச்சையாக வந்த ரிப்போர்ட்

மல்லேஸ்வரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரஞ்சனிக்கு, அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரிலும் சௌக்கியமாக இருக்கப் பெருமாள் துணையிருக்கட்டும். தினமும் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, இதென்ன கடிதம் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அம்மா போனை என் கையில் கொடுத்தபோதெல்லாம் மழையையும் மெட்ரோ கூட்டத்தையும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுதியாவது தொலையுங்கள், போட்டோ எடுத்து நான் அனுப்புகிறேன் என்றாள்.

போன தீபாவளிக்கு முன்னால் என் கண் ஸ்கேனைக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டேனே, நினைவிருக்கிறதா? கண் நரம்பின் தடிமனை அளந்து முழுக்கப் பச்சையாக, அதாவது எல்லாம் நார்மல் என்று வந்த ஓசிடி ஸ்கேன். காலமெல்லாம் மார்க்ஸ் கார்டு பார்த்த வாத்தியார் புத்தி, டிஸ்டிங்ஷன் என்று எழுதி அனுப்பினேன். கண் டாக்டர் ரக்ஷா அன்றைக்கே, நரம்பை ஒரு போட்டோவும் எடுக்கலாம், கண்புரை ஆபரேஷனின்போது எடுத்த பழைய போட்டோவோடு ஒப்பிட வேண்டும் என்றார். மைக்ரான் கணக்கில் அளக்கிற மிஷினே பாஸ் போட்ட பிறகு ஸ்டூடியோ வேலை எதற்கு என்று, வெளியே காத்திருந்தவர்கள் காதில் விழும்படி கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அதோடு நின்றேனா? உன் தாத்தாவுக்குக் கண் நரம்பை மெல்ல அரிக்கிற க்ளாக்கோமா இருந்ததால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் காட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நாணு சித்தப்பாவிடம், எனக்கே இல்லை, உனக்கு எங்கே வரப்போகிறது என்றேன். நான் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு, போகாமல் இருந்துவிட்டான். உன்னிடமும் அதையேதான் சொன்னேன்.

போன மாதம் அவன் எட்டாவது க்ராஸ் தெருவில் நின்றிருந்த ஆட்டோவில் ஸ்கூட்டரை இடித்துவிட்டான். அடி இல்லை. ஆனால் பட்டப்பகலில் இடது பக்கம் அந்த ஆட்டோ தெரியவே இல்லையாம். சித்தி இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். இடது கண் நரம்பு பெரும்பாலும் போய்விட்டது, போனது திரும்பாது, சொட்டுமருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறார்கள். போன வருஷமே வந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கேட்டேன். டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிச் சித்தியிடம் நீட்டினார்.

பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரக்ஷாவிடமே போனேன். ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் என் பழைய போட்டோவையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் நரம்பின் விளிம்பு முழுசு, புதியதில் கீழே எலி கடித்த அப்பளம் மாதிரி ஒரு குறை, ஓரத்தில் மெல்லிய ரத்தக் கீற்று. ஸ்கேன் என்னை என் வயசுக்காரர்களோடு ஒப்பிடுகிறதாம், எனக்கு இயல்பிலேயே நரம்பின் தடிமன் அதிகம், கொஞ்சம் இழந்த பிறகும் பச்சையிலேயே நின்றுவிட்டேன். சிலருக்கு போட்டோவில் தெரியாதது ஸ்கேனில்தான் முதலில் தெரியுமாம், அதனால் இரண்டும் வேண்டும் என்றார். எனக்கு ஆரம்பம்தான், மருந்து போட்டுக்கொள்கிறேன்.

நேற்று நாணு காபிக்கு வந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன், "அது கெடக்கு அண்ணா, ரஞ்சனிகிட்ட சொல்லிட்டியோ?" என்றான். கண் போனவன் உன் கண்ணைப் பற்றிக் கேட்கிறான், நான் டம்ளரை அலம்புகிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

இந்த வாரமே போம்மா. தாத்தா, சித்தப்பா, நான், மூன்று பேரையும் சொல்லி, ஸ்கேன், போட்டோ இரண்டையும் எடுக்கச் சொல். ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பாதே, படித்துச் சொல்லும் யோக்யதை எனக்கில்லை. தீர்க்காயுசாக, நல்ல பார்வையோடு இரு. டாக்டர் சொன்னதை முதலில் சித்தப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல், அவன் என்னிடம் சொல்லட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
ரங்கா