பிலவங்க வருஷத்துத் தண்ணீர்த் தொட்டி

மயிலாப்பூர்
டிசம்பர் 9

அன்புள்ள ஹம்சினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாகவே இருக்கிறோம், பர்மிங்ஹாம் குளிரில் நீயும் உடம்பு கெடாமல் நன்றாக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் தினசரி வேண்டுதல், என்னுடையதும் அதுவே, நான் கபாலி கோயில்வரை போகாமல் வேண்டிக்கொள்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். மெட்ரோவுக்குத் தோண்டியதில் லஸ் முனையைக் கடப்பதே ஒரு யாத்திரையாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, பாட்டு வகுப்பை மாலையிலிருந்து காலைக்கு மாற்றியிருக்கிறாள்.

மூன்று வாரமாக உன் போனை நான் எடுக்கவில்லை. காரணம் உனக்கே தெரியும். இருந்தாலும் முழுவதையும் வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் அன்று நீ பாதிதான் கேட்டிருப்பாய், மீதி நேரம் நான் கத்திக்கொண்டிருந்தேன். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கருணாகரன் சாந்தோமில் ஒரு பழைய பங்களா வாங்கினார், பின்புறக் கொட்டகையில் இந்த நீராவிக் கார் கிடந்தது, பெட்ரோல் இல்லாமல் மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஓடுகிற வகை. கிண்டி தொழிற்பேட்டையில் குலாம் ரசூலின் பட்டறையில் அதைப் பிரித்துப் போட்டார்கள். செய்தவர் பெயர்த் தகடு இல்லை. அதன் பூர்வீகத்தைக் கண்டுபிடித்துத் தரும்படி கருணாகரன் என்னைக் கேட்டார். இருபத்தேழு வருஷம் இயந்திரவியல் கற்பித்தவனை விட்டுவிட்டு என்னைவிட ஏழு வயது இளைய ஸ்ரீரங்கனைத் துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்த்திய கல்லூரியிலிருந்து நான் வெளியேறிய பிறகு, என்னைத் தேடிவந்து ஒருவர் கொடுத்த முதல் வேலை அது. அந்த நாற்காலியை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

எட்டு மாதம் உழைத்தேன். ஆவணக் காப்பகத்தில் தூசி தின்றேன், ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு ஆயுத பூஜைக்கு முன்னால், பித்தளைத் தண்ணீர்த் தொட்டியின்மேல் வருஷா வருஷம் பூசிப் பூசிக் கல்லாகிப்போன சந்தனத்தை நானே சுரண்டியபோது அடியில் உளியால் வெட்டிய எழுத்து தெரிந்தது: பிலவங்க வருஷம் சரஸ்வதி பூஜை. பிலவங்க என்றால் 1907. இந்தக் காரை நம் மதராஸ்காரன் ஒருவன் இங்கேயே செய்திருக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டேன். அடையாறில் பழைய கார் சங்கத்தின் கூட்டத்தில் மேடையேறிச் சொன்னேன், கைதட்டினார்கள். அப்போதுதான் அங்கே உறுப்பினனான ஸ்ரீரங்கன் எழுந்து, "சார், வருஷப் பேர் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வருமே, இது அறுபத்தேழா இருந்தா?" என்றான். பணிவாகத்தான் கேட்டான், அந்தப் பணிவுதான் எனக்கு ஆகாது. பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாதவனா நான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரம் நீ தொட்டியின் படங்களைக் கேட்டு வாங்கி, விளிம்பு ஒட்டியிருக்கும் விதம் கேஸ் வைத்துப் பற்றவைத்ததுபோல் இருக்கிறது, 1907இல் மதராஸில் அது வந்திருக்காது, "அது அந்தப் பிலவங்க இல்லப்பா, அடுத்தது" என்றாய். நீயும் ஸ்ரீரங்கன் கட்சியா என்று கேட்டுவிட்டு வைத்தேன். நான் கேட்டது தப்பு. அம்மா அன்றிலிருந்து எனக்குக் காபியை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள். "குழந்தை அங்க அழுதுண்டிருக்கா, நீங்க இங்க தகர டப்பாவைக் கட்டிண்டு உக்காந்திருக்கேள்" என்றாள். தகரம் இல்லை பித்தளை என்றேன், அதற்கப்புறம் இரண்டு நாள் காபியும் நானே போட்டுக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை நீ சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் மரை அளக்கும் கேஜை எடுத்துக்கொண்டு கிண்டிக்குப் போனேன். அடிச்சட்டத்தின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாவற்றிலும் மரைப் பல்லின் கோணம் அறுபது டிகிரி, அமெரிக்க மரை. அந்தக் காலத்து மதராஸ் பட்டறை எதுவும் ஐம்பத்தைந்து டிகிரி ஆங்கில மரையைத் தவிர வேறு வெட்டியிருக்காது. தொட்டியைத் தாங்கும் போல்ட்டுகளோ மில்லிமீட்டர் அளவு, அது நம் பட்டறைகளுக்கு வந்ததே சுதந்திரத்துக்குப் பிறகு. குலாம் ரசூல் பீடியைக் கீழே போட்டுவிட்டு, "இன்னா சார் நீங்க, எட்டு மாசமா சொல்லிக்கினு கீறேன், தொட்டிக்கு மட்டும் பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் கரெக்டா உக்காருது, மத்த எதுக்கும் நம்ம செட்டு சேரலன்னு. நான் சொன்னா ஸ்பேனர் பேச்சு, நீங்க அளந்தா ஆராய்ச்சியா?" என்றார். கார் அமெரிக்காவில் பிறந்தது. 1967இல் யாரோ இங்கே புதுத் தொட்டி செய்து பூஜையன்று மாட்டியிருக்கிறார்கள். நீ ஐயாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்த்துச் சொன்னது அப்படியே சரி.

கருணாகரன் அதற்குள் "சென்னையில் பிறந்த நீராவிக் கார்" என்று பலகை எழுதக் கொடுத்திருந்தார். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன், உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன். அதன்பிறகு அவர் கடைக்கே போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நம்ம சரக்கு பூரா சூரத்துலேருந்துதான் வருது, தி.நகர் பட்டுன்னுதானே சார் வாங்கிட்டுப் போறாங்க. ஓடுமா, அதச் சொல்லுங்க" என்றார். ஆனால் பலகையை மாற்றிவிட்டார்.

நேற்று ஞாயிறு, சங்கத்தின் கூட்டம். அதே மேடையில் ஏறி, போன முறை நான் சொன்னது தவறு, ஸ்ரீரங்கன் எழுப்பிய சந்தேகம் நியாயமானது, தொட்டியைப் படத்திலேயே கண்டுபிடித்தவள் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் மகள் ஹம்சினி, போல்ட்டில் கண்டுபிடித்தவர் குலாம் ரசூல், கடைசியாகக் கண்டுபிடித்தவன் நான் என்றேன். உன் பெயரைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது, பின்வரிசையில் அம்மா சால்வையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஸ்ரீரங்கன் வந்து கை கொடுத்தான், நானும் கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே, அது வேறு கணக்கு. என் வாழ்நாளில் எனக்குக் கிடைக்காத நாற்காலியைப் பற்றி நேற்று அரைமணி நேரம் நினைவே வரவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்.

நின்றுகொண்டே சாப்பிடாதே. தலைக்கு எண்ணெய் வை. வெயில் இல்லாத ஊரில் வைட்டமின் மாத்திரையை விடாதே. சர்வ மங்களமும் உனக்கு உண்டாகட்டும், தீர்க்காயுசாக இரு. ஒரு விஷயம் மறந்துவிடாதே: இத்துடன் கொதிகலனின் படங்கள் பதினாறு வைத்திருக்கிறேன், அழுத்தத்தில் வெடிக்காமல் இருக்க மேலே சுற்றியிருக்கும் எஃகுக் கம்பி எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது, குலாம் ரசூலுக்கும் அப்படித்தான். நீ பார்த்துச் சரி என்று சொல்லும்வரை தீக்குச்சி உரசக்கூடாது என்று பட்டறையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்புடனும் ஆசிகளுடனும்
உன் அப்பா
சுப்பராமன்