குறிப்பேட்டுக்கு மூன்று சதவீதம்

மார்ச் 12, காலை 9.10. கணினிச் செயலியின் சுமை 64%
மன்னார் வளைகுடா, கடலடி நிலையம். ஆழம் 1,900 மீட்டர். டெல்பின் அக்கா மண் மாதிரி எடுக்கச் சிறு நீர்மூழ்கிக் கலத்தில் போயிருக்கிறாள். நிலையத்தில் நான் மட்டும். வழிகாட்டி ஒலியை விடாமல் அனுப்புவது என் வேலை. அது வரும் திசையைப் பிடித்துத்தான் கலம் திரும்பும். அக்கா பேசுவது இங்கே கேட்கும். இங்கிருந்து அந்த ஒலி மட்டுமே போகும், பேச்சு போகாது. எனக்கு அது வசதி.
கிளம்பியதும் கலத்திலிருந்து சொன்னாள்: "ஏட்டி பிரின்சி, வாயத் தொறந்தா முத்து உதிந்துருமோ? போய்ட்டு வான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."
ஒலி நிரல் நான் எழுதியது. ஒன்பதாவதோடு நின்றவள் வேலை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று திரையில் அலைக்கோடு, வண்ண மானிகள், கலம் நகரும் வரைபடம் எல்லாம் வைத்திருக்கிறேன்.

காலை 11.40. சுமை 91%
கணினியின் விசிறி நின்றுவிட்டது. சூட்டில் செயலி வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஒலியில் வெட்டுகள்.
"ஏட்டி, ஒன் சத்தம் விக்குது. தண்ணி குடிக்கச் சொல்லு."

மதியம் 12.15. சுமை 98%
வெளியே நீரில் கேட்கும் ஒலியின் பதிவைப் போட்டுக் கேட்டேன். வெட்டு விழுந்த இடங்களில் மௌனம் இல்லை. அதே ஒலி, தெற்கே பள்ளத்திலிருந்து. அங்கே எங்கள் கருவி எதுவும் கிடையாது.
"இப்ப தெக்க இருந்துல்லா கேக்கு. சரி, திரும்புதேன்."

12.22. சுமை 85%
ஒலியைக் கணக்கிடும் செயலிதான் படங்களையும் வரைகிறது. அலைக்கோட்டை மூடினேன்: ஒன்பது சதவீதம். மானிகள்: நான்கு. எல்லாம் அழகுக்கு வைத்தவை. வெட்டு நின்றது. வரைபடத்தில் கலம் வடக்கே திரும்பியது.

12.50. சுமை 97%, பிறகு 86%
சூடு இறங்கவில்லை. மறுபடி வெட்டு. வரைபடத்தையும் மூடிவிட்டேன். ஒலி சீராக இருக்கிறது. அக்கா எங்கே என்று இனி எனக்குத் தெரியாது.

1.05. சுமை 93%
அக்கா குரல்: "வந்துட்டேன். கதவத் தொற." எழுந்து நெம்புகோலைப் பிடித்தேன். அப்போது இன்னொரு முறை அக்கா குரல்: "சத்தம் நல்லா கேக்கு. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். சோத்தப் போட்டு வையி."
நெம்புகோலை விட்டுவிட்டேன்.

1.20. சுமை 99%
கதவைத் தட்டுகிறது. தட்டல்களுக்கு நடுவே குரல்: "ஏட்டி பிரின்சி, வாயத் தொறந்தா முத்து உதிந்துருமோ?" காலையில் சொன்னது. அதே இழுப்பு, அதே சிரிப்பு.
மூடுவதற்கு மிச்சம் இந்தக் குறிப்பேடு மட்டும். நான் தட்டும் எழுத்துகளையும் செயலிதான் வரைகிறது. மூன்று சதவீதம். இந்த வரியைத் தட்டும்போது ஒலியில் ஒரு வெட்டு விழுந்தாலும் அக்கா தெற்கே போய்விடுவாள்.
இதைப் படிப்பவருக்கு: அது கேட்ட குரலைத்தான் திருப்பிப் பேசுகிறது. என் குரலை அது இன்னும் கேட்கவில்லை.
"ஒரு வார்த்த சொல்லு" என்கிறது. மறுபடி. "ஒரு வார்த்த சொல்லு. ஒரு வார்த்த சொல்லு."
சொல்ல மாட்டேன். மூடுகிறே